காயங்களோடு எழுந்தவர்

திருகோணமலைக் கத்தோலிக்கரிடம் கோயில் நிரம்பி வழியும் நாள் எது என்று கேட்டால், பெரிய வெள்ளி என்பதுதான் பலருடைய பதிலாக இருக்கும். ஆண்டு முழுவதும் பூசைக்கு வராதவர்கள்கூட அன்று வருகிறார்கள். வெயிலில் வரிசையாக நின்று சிலுவையை முத்தி செய்கிறார்கள். இறந்த ஆண்டவரின் சொரூபத்துக்குப் பின்னால் நடக்கும் மூதாட்டிகள், சொந்த வீட்டுச் சாவில் அழுவதுபோலவே அழுகிறார்கள். மறுநாள் இரவு பாஸ்கா திருவிழிப்பு. திருச்சபை தன் வழிபாட்டு ஆண்டின் உச்சம் என்று சொல்வது இந்த இரவைத்தான். இதற்கும் கூட்டம் குறைவில்லை. புதுத் தீ மூட்டப்படுகிறது, மணிகள் ஒலிக்கின்றன. ஆனால் வெள்ளிக்கிழமை ஒப்பாரிக்கு ஈடாக மக்களின் தொண்டையிலிருந்து தானாகக் கிளம்பும் ஒரு மொழி உயிர்ப்புக்கு இன்னும் அமையவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சாய்வுக்கு வரலாறு உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் இலங்கையில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விழுந்தது. 1687இல் மாறுவேடத்தில் வந்திறங்கிய கோவாக் குரு யோசேப் வாஸ் அடிகளும், 1705இல் வந்து அவரோடு சேர்ந்துகொண்ட யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் ஒளிந்து வாழ்ந்த ஒரு திருச்சபையைத்தான் மறுபடி கட்டினார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் சாங்கோபாங்க சுவாமி என்று அழைக்கும் கொன்சால்வெஸ் எழுதியதே ‘வியாகுலப் பிரசங்கம்’. தவக்காலத்தில் அதை இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் இன்றும் மறையவில்லை. தமிழரின் ஒப்பாரி மரபுக்குள் கிறிஸ்துவின் பாடுகள் அப்படித்தான் குடியேறின. உயிர்ப்போ வேறு வழியில் போனது. பல நூற்றாண்டுகளாக உரோமை வழிபாட்டில் திருவிழிப்பு சனிக்கிழமை காலையிலேயே, இலத்தீனில், மிகச் சிலர் முன்னிலையில் முடிந்துவிடும். 1951இல் பன்னிரண்டாம் பத்திநாதர் சோதனை முயற்சியாகவும் 1955இல் நிலையாகவும் அதை இரவுக்கு மீட்டார். மக்கள் மொழி பலிபீடத்துக்கு வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு. ஆக, துக்கத்தைத் தமிழில் பாடி எங்களுக்கு முந்நூறு ஆண்டுப் பழக்கம். உயிர்ப்பைத் தமிழில் பாடி ஒரு தலைமுறை தாண்டுவதற்குள் போர் வந்துவிட்டது. 1893இல் உருவான எங்கள் மறைமாவட்டத்தில் பிரெஞ்சு இயேசு சபையினரும், அவர்களுக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாநில இயேசு சபையினரும் பள்ளிகளையும் கோயில்களையும் பங்குகளையும் வளர்த்துத் தந்தார்கள். உயிர்ப்பை இந்த மண்ணின் பாடாகச் சொல்லும் வேலை மட்டும் எங்களுக்கென்றே மீந்து நின்றது.

அந்த வேலையை எங்கே தொடங்குவது? நற்செய்திகள் தொடங்கும் இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்: ஓர் உடலைத் தேடிப் போகும் பெண்களிடத்தில்.

உயிர்த்தவரின் தோற்றங்களைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று நற்செய்திகளில் இல்லை. கி.பி. 50களின் நடுப்பகுதியில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உயிர்த்தவர் யார் யாருக்குத் தோன்றினார் என்று அங்கே ஒரு பட்டியல் வருகிறது: கேபா, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு, கடைசியில் பவுல். அதில் எந்தப் பெண்ணின் பெயரும் கிடையாது. பின்னர் எழுதப்பட்ட நான்கு நற்செய்திகளிலும் கல்லறைக்கு முதலில் போகிறவர்கள் பெண்கள். நான்கிலும் மகதலா மரியா இருக்கிறார். பெண்களின் சாட்சியத்தை ஏற்கலாகாது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்த காலம் அது. கதையை இட்டுக்கட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் பெண்களை முதல் சாட்சிகளாக நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று அறிஞர்கள் பலர் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தைவிட முக்கியமாகப் படுவது லூக்கா மறைக்காமல் எழுதிவைத்த செய்தி: பெண்கள் வந்து சொன்னபோது அப்போஸ்தலர் அதை வெறும் பிதற்றல் என்று தள்ளினார்கள். மாற்கு இன்னும் கடுமையானவர். மிகப் பழைய கையெழுத்துப் படிகளான சினாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் அவருடைய நற்செய்தி, பெண்கள் நடுக்கத்தோடு ஓடிப்போய் அச்சத்தால் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்ததோடு முடிகிறது.

பேசினால் நம்பமாட்டார்கள், பேசவும் அச்சம். திருகோணமலையில் இதை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. வலிந்து காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் ஆணைக்குழுவுக்குப் பின் ஆணைக்குழுவாகப் போய்ச் சொன்னதையே சொல்லியிருக்கிறார்கள். 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழு, 2013இன் பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். ஒவ்வொன்றின் முன்னும் அதே புகைப்படம், அதே திகதி, அதே வாகனத்தின் நிறம். 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. செயற்குழு, திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இருந்த இரகசியத் தடுப்புக்கூடத்தை நேரில் பார்த்து அறிவித்தது. 2008, 2009 ஆண்டுகளில் கொழும்புப் பகுதியில் கடத்தப்பட்ட பதினொரு பேர் இந்தத் தளத்திலும் வைத்திருக்கப்பட்டதாகப் புலன்விசாரணை சொன்னது. உலகின் மிக ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் நாங்கள் பெருமையோடு படித்த துறைமுகம் அது.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். வெறுமையான கல்லறையும், பிள்ளையின் உடல் கிடைக்காத வீடும் ஒன்றல்ல. மகதலா மரியாபோல நீயும் உன் மகனைக் காண்பாய் என்று ஒரு தாயிடம் மறையுரையில் சொல்வது ஆறுதல் ஆகாது, அவளுடைய கேள்வியை வாயடைக்கும் வன்முறையாகிவிடும். யோவான் நற்செய்தி அப்படிச் செய்யவில்லை. தோட்டக்காரர் என்று தான் எண்ணிய ஆளிடம் மரியா நேராகக் கேட்கிறாள்: உடலை நீர் எடுத்துச் சென்றிருந்தால் எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் எடுத்துக்கொள்கிறேன். நம்பிக்கை இல்லாதவளே என்று யாரும் அவளைக் கடியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டபடி நின்றவளைத்தான் உயிர்த்தவர் பெயர்சொல்லி அழைக்கிறார். உடலைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று எந்தச் சாமியாரும் இனி சொல்ல முடியாதபடி அந்தக் காட்சி நற்செய்திக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் மறைமாவட்டத்துக்கே இப்படி ஓர் உடல் கடன் உண்டு. லூயிசியானாவிலிருந்து இளம் வயதில் வந்து, கிழக்கின் பிள்ளைகளுக்குப் பாடமும் கூடைப்பந்தும் கற்பித்து நாற்பதாண்டுக்கு மேல் இங்கேயே வாழ்ந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகள், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஒரு தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். மட்டக்களப்பு அப்போது திருகோணமலை–மட்டக்களப்பு என்ற ஒரே மறைமாவட்டத்துக்குள் இருந்தது, 2012இல்தான் பிரிந்தது. இருவருடைய உடலும் கிடைக்கவே இல்லை.

திருவிழிப்பில் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது, உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறீர்களா என்ற கேள்வி எழும். விசுவசிக்கிறேன் என்று எல்லாரும் பதில் சொல்வோம். ஆன்மா பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறாயா என்று யாரும் எங்களிடம் கேட்பதில்லை. உடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கடவுள் கைவிட மறுத்த உடலை ஓர் அரசு இல்லை என்று எழுதி முடித்துவிட முடியாது. 2016இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம், மரணச் சான்றிதழை வாங்க மனம் ஒவ்வாத குடும்பங்களுக்கு ஆள் காணப்படவில்லை என்ற வேறொரு சான்றிதழைக் கொடுக்க வழி செய்தது. அந்தத் தாள் சொத்துக்கும் வங்கிக் கணக்கிற்கும் உதவும். விசுவாச அறிக்கையின் அந்த ஒரு வரி அதைவிடப் பெரிய உரிமையைக் கோருகிறது.

காயங்களுக்கு வருவோம். திருவிழிப்பின் தொடக்கத்தில், கோயிலுக்கு வெளியே மூட்டிய தீயருகில், குருவானவர் பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவை வரைந்து, முதலும் முடிவுமான கிரேக்க எழுத்துகளையும் அந்த ஆண்டின் எண்களையும் பொறித்துவிட்டு, ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்துகிறார். அவை கிறிஸ்துவின் ஐந்து காயங்கள். ஏற்றுவதற்கு முன்பே காயங்கள் பதிக்கப்பட்ட திரிதான் உயிர்த்தவரின் அடையாளமாகக் கோயிலுக்குள் போகிறது. அதில் பொறிப்பது அந்தந்த ஆண்டின் எண்கள்: 1983, 1990, 2006, 2019. எந்த ஆண்டின் எண்கள் அந்தக் காயங்களைச் சுற்றி நிற்கின்றனவோ அந்த ஆண்டின் சாவுகளையும் திரி ஏற்றுக்கொண்டதாகவே நான் வாசிக்கிறேன். வழிபாட்டு நூல் அப்படிச் சொல்லாமலிருக்கலாம். இந்த ஊர் அப்படித்தான் வாசிக்க வைக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் கோயில், எங்களுக்குத் தெற்கே மட்டக்களப்பின் சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று ஆடம்பர ஹோட்டல்கள். இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகளில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சீயோனில் மாண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடித்து வந்தவர்கள். அதன்பின் கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 28ஆம் திகதி கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் வீடுகளில் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

அந்த ஞாயிறுக்கென்று உலகம் முழுவதும் குறிக்கப்பட்ட நற்செய்தி யோவான் 20ஆம் அதிகாரம்: அச்சத்தால் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்த சீடர்கள் நடுவே உயிர்த்தவர் வந்து நிற்கும் பகுதி. யாரும் தேர்ந்தெடுத்து வைத்ததல்ல. ஆண்டுதோறும் உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு வாசிக்கப்படுவதுதான். வேறு ஆண்டுகளில் பூட்டிய கதவு எங்களுக்கு ஒரு பழங்கதை விவரம். அந்த ஆண்டு நாங்களே பூட்டிய கதவுகளுக்கு உள்ளே இருந்தோம். உள்ளே வந்தவர் முதலில் சமாதானம் சொல்கிறார். அடுத்துத் தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். சமாதானத்தையும் காயத்தையும் ஒரே மூச்சில் வைக்கும் இந்த வரிசையில்தான் என் விசுவாசத்தின் முழு எடையும் இருக்கிறது. காயத்தைக் காட்டாத சமாதானம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2009இல் போர் முடிந்த பிறகு மேடைகளில் அதைப் போதிய அளவு கேட்டிருக்கிறோம். சமாதானம் சொல்லாமல் காயத்தை மட்டும் காட்டுகிறவர்களையும் கேட்டிருக்கிறோம்.

அதே வசனத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சீடர்களின் அச்சத்தை யோவான் ஒரு முழு இனத்தின் பெயரோடு சேர்த்து எழுதுகிறார், யூதர் என்று. அஞ்சியவர்களும் யூதர்தான், உயிர்த்தவரும் யூதர்தான். இருந்தும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பியக் கிறிஸ்தவம் நூற்றாண்டுகளாக யூதரைத் துன்புறுத்தியது. பெரிய வெள்ளியும் உயிர்த்த ஞாயிறும் வரும் வாரம் பல ஊர்களில் யூதர் வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சிய வாரமாக இருந்தது. கிறிஸ்துவின் சாவுக்கான பழியை யூத மக்கள் அனைவர்மேலும் சுமத்தக்கூடாது என்று வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965 ஒக்டோபர் 28இல்தான். 2019இல் அச்சத்துக்கு ஒரு முழுச் சமூகத்தின் பெயரை வைக்கும் அதே தவறு இலங்கையில் நடந்தது. அந்த மே மாதம் குருநாகல், கம்பஹா, புத்தளம் பகுதிகளில் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. முஸ்லிம்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாழும் திருகோணமலை மாவட்டத்தில், இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும் கிறிஸ்தவர்களுக்கு அந்த வாரங்கள் ஒரு தேர்வாகவே வந்தன. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் மீன் கொண்டுவருகிறவரை, பாடம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியையை எந்தக் கண்ணால் பார்ப்பது? 2006 ஓகஸ்ட் 4இல் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களில் ஒருவர் முஸ்லிம், மற்றவர்கள் தமிழர். ஒரே வளவுக்குள் சிந்திய அந்த இரத்தத்தை நினைவில் வைத்திருப்பவர் அடுத்த வீட்டைச் சந்தேகிக்கத் தயங்குவார்.

மன்னிப்பு நீதியைக் கைவிடுவதில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் பற்றி முன்கூட்டியே கிடைத்த உளவுத் தகவலின்மேல் நடவடிக்கை எடுக்காததற்காக 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் பிள்ளைகளை இழந்தவர்களும் உண்டு. அவர்கள் விசுவாசத்தில் குறைந்துபோனார்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இதுவரை எழுதியது எல்லாம் எங்களுக்கு நேர்ந்தவை. எங்கள் பெயரால் நேர்ந்ததும் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிக்கொண்டு திருகோணமலையில் உயிர்ப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

இந்தத் துறைமுகத்தின் ஆழம் கப்பல்களையும் அவற்றோடு பேரரசுகளையும் இழுத்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், இடையில் பிரெஞ்சுக்காரர், 1795இலிருந்து ஆங்கிலேயர். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அந்த வாரத்து வியாழனான 9ஆம் திகதி திருகோணமலையையும் சீனன்குடாவையும் தாக்கின. முந்திய இரவு இந்தத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கி 300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இதெல்லாம் பிறருடைய போர். ஆனால் 1620களில் சுவாமி மலைக் குன்றின்மேல் நடந்தது எங்கள் கதையின் தொடக்கம். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார். இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அந்தக் கோட்டையின் வாசலில் கயல் சின்னமும் பழைய தமிழ்க் கல்வெட்டும் இன்னும் இருக்கின்றன; கோயிலுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். இடித்தவர்கள் கழுத்தில் எங்கள் சிலுவை தொங்கியது. 1950இல் கிணறு தோண்டியபோது, அந்நாளில் பக்தர்கள் மண்ணுக்குள் மறைத்துவைத்த திருவுருவங்கள் வெளிப்பட்டன. கோயில் மறுபடி எழும்பி 1963இல் குடமுழுக்குக் கண்டது. மண்ணிலிருந்து எழுந்த அந்தத் தெய்வங்களைப் பார்த்துச் சைவர்கள் அடைந்த மகிழ்ச்சி அவர்களுடையது. அதை என் உயிர்ப்புக்கு உருவகமாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. புதைக்க நேர்ந்ததற்குக் காரணமானவர்கள் பக்கத்தில்தான் என் இடம்.

அந்த இடத்தில் நிற்பவனுக்கும் உயிர்ப்பில் பங்கு உண்டா? உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த சான்று யோவானின் கடைசி அதிகாரம். இரவு முழுவதும் வலைபோட்டு ஒன்றும் கிடைக்காத ஏழு சீடர்கள் விடியலில் கரைக்கு வருகிறார்கள். கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். கிழக்குக் கரையில் இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தக் காலை அந்நியமானதல்ல. வாடைக்காற்று ஓய்ந்து கடல் தணிகிற காலமும் பாஸ்காக் காலமும் இங்கே ஒன்றாகத்தான் வருகின்றன. நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் சிங்களக் கத்தோலிக்க மீனவர்கள் வாடி அடிக்க எங்கள் கரைக்கு வருவதும் அதே காலத்தில்தான். போர்க்காலத்தில் இரவுக் கடலுக்குத் தடை, பாஸ் இல்லாமல் படகு இறக்க முடியாது என்றிருந்த நாட்களில், இரவு முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை என்ற வாக்கியத்துக்கு எங்கள் மீனவர்களிடம் வேறொரு பொருளும் இருந்தது.

பேதுரு முன்பு ஒரு முறை கரிநெருப்பின் அருகே நின்றிருக்கிறார். தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு, அந்த மனிதரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னார். கரையிலும் அதே போன்ற நெருப்பு, அங்கும் மூன்று கேள்விகள்: என்னை நேசிக்கிறாயா? நடந்ததை உயிர்த்தவர் எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் அது நடக்காததுபோலவும் விடவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது பேதுருவுக்கு வலித்தது என்று யோவான் எழுதுகிறார். அந்த வலிக்குப் பிறகுதான் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு வருகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 மார்ச் 12இல் உரோமையில் திருச்சபையின் பிள்ளைகள் வரலாற்றில் செய்த பாவங்களுக்காகப் பொதுவில் மன்னிப்பு வேண்டினார். அது பொதுவான வேண்டுதல். சுவாமி மலையின் பெயரைச் சொல்லி, அந்தக் கோட்டை வாசலில் நின்று, திருகோணமலைக் கத்தோலிக்கர் வேண்டும் மன்னிப்பு வேறொன்று. பாஸ்காக் காலம் ஒருநாள் திருவிழா அல்ல, பெந்தெகொஸ்து வரை ஐம்பது நாள். அதில் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே எழும் கேள்வியும் எனக்குத் தெரியும். மற்றவர்கள் செய்தவை? எங்கள் கோயில்கள்மேல் விழுந்த குண்டுகள்? எங்கள் குருக்களைக் கொண்டுபோனவர்கள்? அவர்கள் எப்போது மன்னிப்புக் கேட்பார்கள்? நானும் கேட்டிருக்கிறேன். பேதுருவும் கேட்டார். மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி முடித்த கையோடு, திரும்பிப் பார்த்து, பின்னால் வந்த இன்னொரு சீடனைக் காட்டி, இவனுக்கு என்ன ஆகும் என்றார். அது உன் கவலை அல்ல, நீ என் பின்னே வா என்பதே கிடைத்த மறுமொழி.